அம்மாவின் பாதப் புண் ஆறிய விதம்

அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். வலது பெருவிரலுக்குக் கீழே வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. மருந்து கட்டினோம், ஆனால் அதே காலை ஊன்றித்தான் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) படிகளில் ஏறி இறங்கினார். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாது. ஒவ்வொரு அடியும் புண்ணை மறுபடி நசுக்கும். எந்தக் களிம்பையும் விட அந்த அழுத்தத்தை எடுப்பதுதான் முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கிளினிக்கில் முதலில் பாதத்தில் நாடித்துடிப்பு பார்த்தார்கள். இரத்த ஓட்டம் சரி. (அது குறைந்திருந்தால் வைத்தியமே வேறு.) சீழ், காய்ச்சல் இல்லை. புண்ணைச் சுற்றித் தடித்த தோலைச் சீவிவிட்டு, பாரம் பாதம் முழுக்கப் பரவும்படி முழங்காலுக்குக் கீழ்வரை மாவுக்கட்டு போட்டார்கள். பழகிய கைதான் அதைப் போடவேண்டும். இறுகினால் புதுப் புண் வரும். வாராவாரம் பிரித்துப் பார்த்து மாற்றினார்கள். 4 வாரத்தில் புண் பாதியாவது சுருங்க வேண்டும் என்பது வைத்தியர்களின் கணக்கு. அம்மாவுக்குச் சுருங்கியது, அப்புறம் மூடிக்கொண்டது. இன்சுலினும் கூடவே சரிசெய்தார்கள்.

குளிருக்கு அடுப்படியில் கால் காய்வதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். மரத்த கால் வெந்தாலும் தெரியாது. அம்மா இப்போது தடித்த கம்பளிக் காலுறைதான் போடுகிறார், சப்பாத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே காலை நுழைக்கிறார்.