கேம் மோசமா, கை மோசமா? ஆக்‌ஷன் அட்வென்ச்சரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகு கரையில் நிற்கும், பள்ளிக்கூடமும் லீவு. பெரிய கேம் ஒன்றை முடித்துவிடலாம் என்று உட்கார இதைவிடத் தோதான காலம் இல்லை. நாலாவது நாளே தீர்ப்பும் வந்துவிடும்: "கேம் வேஸ்ட்." சில நேரம் அது உண்மைதான். பல நேரம் கோளாறு டிவியிலோ விரலிலோ இருக்கும்.

டிவியில் இருந்தே தொடங்கலாம். படத்தை அழகாக்க டிவி செய்யும் வேலைகளால், பட்டனை அழுத்துவதற்கும் திரையில் கை அசைவதற்கும் நடுவே ஒரு தாமதம் விழுகிறது. சினிமா பார்க்கும்போது அது தெரியாது. வாளைத் தடுக்கும்போது தெரியும். டிவி செட்டிங்கில் 'கேம் மோடு' போடுங்கள், புளூடூத் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஒயர் செருகுங்கள். கேமரா தானாக ஒரு பக்கம் இழுத்தால் அதுவும் கேமின் குற்றம் இல்லை, கன்ட்ரோலர் குச்சி தேய்ந்திருக்கிறது. செட்டிங்கில் 'டெட் ஸோன்' (குச்சியின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லை) அளவைக் கொஞ்சம் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

இதைச் செய்யாமல் 'செகிரோ'வைத் (2019) திட்டுகிறவர்கள்தான் அதிகம். அதில் எளிது, கடினம் என்று நிலை மாற்றும் வசதியே கிடையாது. சறுக்கி ஒதுங்கி, ஒரு வெட்டு வெட்டி, திரும்ப ஓடுவது மற்ற கேம்களில் வந்த பழக்கம். இங்கே அப்படி ஆடினால் ஒரே பாஸோடு (கட்டத்தின் பெரிய எதிரி) ராத்திரி முழுக்கப் போய்விடும். எதிரிக்கு உயிர் ஒரு கணக்கு, நிலை தடுமாறுவது இன்னொரு கணக்கு; இந்தத் தடுமாற்றக் கோடு நிரம்பினால்தான் எதிரி வெட்டுக்குத் தோதாக விழுவான். உயிர் நிறைய இருக்கும்வரை தடுமாற்றக் கோடு விறுவிறுவென்று இறங்கிவிடும். உயிர் குறையக் குறையத்தான் அது இறங்கச் சுணங்கும். ஆகவே முதலில் நாலைந்து வெட்டு, பிறகு நெருங்கியே நின்று, அடி வந்து விழும் நேரத்தில் தடுப்பு. பயத்தில் தடுப்புப் பட்டனைப் படபடவென்று தட்டினால் சரியாகத் தடுக்கக் கிடைக்கும் நேரம் இன்னும் சுருங்கிப்போகும். ஆபத்தான அடி வரப்போகிறது என்று திரையில் சிவப்பு எழுத்து தெரிந்தால் எழுத்தைப் பார்க்காதீர்கள், ஆயுதத்தைப் பாருங்கள்: குத்து வந்தால் முன்னால் பாய்ந்து மிதிக்க வேண்டும் (இதற்கான திறனை முதலிலேயே வாங்கிவிடுங்கள்), காலை வாரினால் குதிக்க வேண்டும், பிடிக்க வந்தால் ஓட வேண்டும்.

'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் (2020) நடக்கும் தவறு வேறு: வாள் பிடிக்கும் ஒரே நிலையில் (ஸ்டான்ஸ்) நின்று எல்லாரையும் வெட்டுவது. வாள்காரனுக்குக் கல் நிலை, கேடயத்துக்கு நீர், ஈட்டிக்குக் காற்று, தடியனுக்கு நிலா. கன்ட்ரோலரில் ஆர்2 பட்டனை அழுத்திக்கொண்டு மாற்ற அரை நொடி போதும். வரைபடத்தை நிமிடத்துக்கொரு முறை திறப்பது இன்னொரு தவறு. கன்ட்ரோலரின் டச்பேடில் மேல்நோக்கித் தேய்த்தால் காற்று எழுந்து போகவேண்டிய திசையில் புல்லைச் சாய்க்கும். கச்சான் காற்றா வாடைக் காற்றா என்று பார்த்துப் படகு இறக்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சண்டையில் கேமரா மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது கேமின் சொந்தக் குறை. வந்த புதிதில் கேமராவை ஒரே எதிரி மேல் நிறுத்தி 'லாக்' செய்யும் வசதியும் இல்லை. பிறகு அப்டேட்டில்தான் கொடுத்தார்கள்.

'ஸெல்டா: பிரெத் ஆஃப் த வைல்டு' (2017) ஆடுகிறவர்கள் நல்ல வாளைப் பத்திரப்படுத்திப் பத்திரப்படுத்திக் கடைசிவரை மரக்கிளையால் அடிப்பார்கள். ஏறக்குறைய எல்லா ஆயுதமும் உடையத்தான் செய்யும்; கேமில் அவ்வப்போது எழும் ரத்த நிலா வந்தால் எதிரிகளும் ஆயுதங்களும் பழைய இடத்தில் திரும்ப வந்துவிடுவதால் சேர்த்துவைப்பதில் லாபம் இல்லை. ஆயுதம் சேதமாகிவிட்டது என்று எச்சரிக்கை வந்ததும் அதை எதிரியின் மேல் வீசுங்கள், அந்தக் கடைசி அடி இரட்டிப்பாக இறங்கும். இடி மழையில் இரும்பு ஆயுதம் பொறி விட ஆரம்பித்தால் கழற்றிவிடுங்கள். மழையில் பாறை வழுக்கி ஏறவே முடியாமல் போவது மட்டும் எத்தனை பேர் வக்காலத்து வாங்கினாலும் எரிச்சல்தான்.

தொடக்கத்திலேயே வீறாப்பாகக் கடின நிலையைத் தேர்ந்தெடுப்பது அடுத்தது. 'காட் ஆஃப் வார்' (2018) கேமில் ஆக உச்ச நிலையைத் தொட்டால் நடுவில் இறங்க வழி இல்லை, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எதிரியின் உயிர்க்கோடு ஊதா நிறத்தில் இருந்தால் மல்லுக்கட்டாமல் கதையைத் தொடர்ந்துவிட்டுப் பிறகு வாருங்கள். வரைபடத்துப் புள்ளிகளை ஒன்றுவிடாமல் துடைப்பதும் வேண்டாத வேலை. ஆனால் 'அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸி' (2018) ஆடுகிறவரை இதற்குக் குறை சொல்ல முடியாது. முக்கிய மிஷனுக்கே லெவல் போதாமல் சைடு மிஷனுக்குத் துரத்துகிறது. அதே நேரம் லெவல் சீக்கிரம் ஏறும் வசதியைத் தனிக் காசுக்கு விற்றார்கள். தாகத்தை உண்டாக்கிவிட்டுத் தண்ணீர் விற்கும் வியாபாரம்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்கிறது. அவ்வளவையும் நாளுக்கு 1.5 ஜிபி டேட்டாவில் இறக்குவதாக வைத்தால் 100 நாள். தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போயிருக்கும். ஃபைபர் இருக்கும் வீட்டில் இறக்கி ஹார்டு டிஸ்கில் கொண்டுவருவதே வழி. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். கேமைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரம் ஓடும். இந்தக் கேமிலோ, பனிமலையில் நடக்கும் முதல் அத்தியாயம் முடிவதற்குள்ளேயே அந்த 2 மணி நேரம் கரைந்துவிடும். அதனால் இரண்டாம் அத்தியாயம் எப்படிப் போகிறது என்று வீடியோவில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பரந்த உலகத்தைக் கொடுத்துவிட்டு, மிஷனில் சொன்ன வழியை விட்டு நாலடி விலகினால் 'தோல்வி' என்று நிறுத்துவது அதன் பெரிய குறை. அது கடைசிவரை மாறாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் கரண்ட் கட்டும் சேர்ந்து வரும். சேவ் அடையாளம் சுழலும்போது கரண்ட் போனால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம். வசதி உள்ள கேமில் இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி சேவ் செய்யுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் சுவிட்சை 'யுபிஎஸ்' பக்கம் வையுங்கள். சாதாரண நிலையில் அது மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கடல் பார்த்த ஜன்னலோரம் கன்சோலை வைக்க வேண்டாம். உப்புக்காற்று உள்ளே போனால் ஃபேனும் செருகும் முனைகளும் முதலில் துருப்பிடிக்கும். கன்ட்ரோலரை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் போட்ட மூடி டப்பாவில் வைத்தால் போதும். பழைய பிஸ்கட் டப்பாவே தாராளம்.