வானத்தில் பூத்த காலிஃப்ளவர்

வாட்டர்கலரில் மெரினா வானத்தை வரைய உட்கார்ந்தாலே தொல்லைதான். நீலத்தைப் பரப்பியதும் தாள் அப்பளம் மாதிரி நெளியும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, காய்ந்தபின் காலிஃப்ளவர் பூத்ததுபோல் கறை. வண்ணத்தின் மேல் பழி போட்டு இரண்டு செட் மாற்றினேன் (வீட்டில் வாங்கிய திட்டு தனி). குற்றவாளி 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) மெல்லிய தாளும், தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியும்.

இப்போது 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள். இருபுறமும் தண்ணீர் தடவி, 5 நிமிடம் ஊறவிட்டு, அக்ரிலிக் ஷீட்டில் காற்றுக்குமிழி இல்லாமல் படியவைக்கிறேன். டேப்பே வேண்டாம். தேங்கிய நீர் அடங்கி மெல்லிய பளபளப்பு வந்ததும்தான் தூரிகை. விசிறியை அணைத்துவிடுவேன்; வியர்வை வழியும், என்ன செய்ய! ஓரத்தில் திரளும் சொட்டைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சிவிடுகிறேன். பாதி காய்ந்த இடத்தில் மட்டும் கை வைப்பதில்லை. அங்கே ஈரத் தூரிகை பட்டால் மறுபடி காலிஃப்ளவர்தான்.