மற்றவரிடம் சொல்ல முதல் அவரிடமே ஒரு கேள்வி

ஒருவரைப் பற்றி மனதில் ஒரு தீர்ப்பு வந்துவிட்டதா? அதை மூன்றாம் ஆளிடம் சொல்ல முதல், அவரிடமே போய், "என்ன, கன நாளாக் காணேல்லை, சுகமா இருக்கிறியளோ?" என்று கேளுங்கள். "ஏன் பூசைக்கு வாறேல்லை?" என்று தொடங்க வேண்டாம். அது விசாரணை, ஆள் வாயை மூடிக்கொள்வார். வாட்ஸ்அப்பிலும் வேண்டாம், எழுத்தில் அக்கறைகூடக் குத்தலாகத்தான் தெரியும்.

இது பலிப்பதற்குக் காரணம், நமக்குத் தெரிவது பாதிக்கதை என்பதுதான். யாழ்ப்பாணத்து மீனவ ஊர்களான பாசையூரிலோ குருநகரிலோ ஞாயிறு பிரசங்கத்தில் தூங்கி விழுகிறவர் இரவு முழுக்கக் கடலில் நின்றிருக்கலாம். திருவிழாவுக்குக் காசு தராத வீட்டை, "வெளிநாட்டுக் காசு வருகுது, குடுக்க மனமில்லை" என்போம். பிள்ளையை அனுப்பப் பட்ட கடனுக்கே அந்தக் காசு வட்டியாகப் போவது படலைக்கு வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? மத்தேயு 18:15இல் இயேசு காட்டும் ஒழுங்கும் இதுதான்: சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய் அவனோடு பேச வேண்டும். (நம்மில் பலர் அதைக் கடைசியில்தான் செய்கிறோம்.)

அடி, மிரட்டல், சீட்டுக் காசு மோசடி போன்றவற்றுக்கு இது சரிவராது. பிள்ளைக்கு ஆபத்து என்று பட்டால் சந்தேகத்துக்குரியவரிடம் எதுவும் கேட்காதீர்கள், உசாராகிவிடுவார். நேரே இலங்கையின் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.