தொழில்நுட்பச் செய்திக்குக் கருத்துச் சொல்வதும் கணினி நகைச்சுவையைப் பிரித்துப் பார்ப்பதும் எப்படி?

தொழில்நுட்ப உலகில் ஏதேனும் ஒன்று நடந்துவிட்டால், செய்தி முழுமையாக வந்து சேர்வதற்கு முன்பே அதைப் பற்றிய கருத்துகளும் மீம்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன. நண்பர்கள் குழுவில் ஒருவர் கேலிப் படம் போடுகிறார். இன்னொருவர் "இதைத்தான் நான் அன்றே சொன்னேன்" என்கிறார். நமக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று விரல் துறுதுறுக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. கணினித் துறையில் மூத்தவர்கள் பட்ட பாடுகளில் பல, பாடநூலின் வழியாக அல்லாமல் நகைச்சுவையின் வழியாகவே இளையவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பதால், அந்தப் பேச்சில் கலந்துகொள்வதை அத்துறையைக் கற்கும் நல்ல வழிகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். ஆனால் கலந்துகொள்ளும் முன், பேசப்படும் செய்திக்கோ கேலிக்கோ அடியில் இருக்கும் தொழில்நுட்ப உண்மையைத் தேடி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்பதை நான் கடைப்பிடிக்கும் முறையிலேயே இங்கே சொல்கிறேன்.

முதலில், என்ன நடந்தது என்பதைச் சம்பந்தப்பட்டவரின் அறிக்கையிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டி முடங்கியபோது, அதை இணையத் தாக்குதல் என்றே பலரும் எழுதினார்கள். உண்மையில் அது கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டினால் நேர்ந்தது. அந்த நிறுவனமே அன்றே அதைத் தெரிவித்தது. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் என்றும், அது விண்டோஸ் கணினிகளின் மொத்த எண்ணிக்கையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றும் மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்த இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு "உலகமே நின்றது" என்றோ "ஒரு சதவீதம்கூட இல்லையே" என்றோ சொல்லிவிடலாம்; ஆனால் அந்தச் சிறு பங்கு விமான நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இருந்த கணினிகளாக இருந்ததனால்தான் பாதிப்பு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்ற செய்தியையும் சேர்த்தால்தான் அது கருத்து என்ற பெயருக்குத் தகும்.

அதே நாளில் சுற்றிய கேலிகளில் ஒன்று, "ஆஃப் செய்துவிட்டு ஆன் செய்து பாருங்கள்" என்ற பழைய வசனம். அதைப் பகிர்ந்தவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று, அது அன்று மெய்யாகவே பரிந்துரைக்கப்பட்ட தீர்வுகளில் ஒன்று என்பது. மைக்ரோசாஃப்டின் மேகக் கணினிகளை மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் செய்து பார்க்குமாறு அந்நிறுவனமே கூறியது. சிலருக்கு 15 முறை வரை தேவைப்பட்டதாகத் தகவல் இருப்பதையும் சேர்த்தே சொன்னது. காரணம் எளியது. கணினி எழும்போது, பிழையான கோப்பு அதை வீழ்த்துவதற்கு முன்பாக வலைத்தொடர்பு கிடைத்துவிட்டால், திருத்தப்பட்ட கோப்பு இறங்கிவிடும். கிடைக்காவிட்டால் மறுபடியும் நீலத் திரைதான். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் அந்த ஓட்டப்பந்தயத்துக்கு இன்னொரு வாய்ப்பு. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கேலியைச் சொல்பவர், சிரிக்க வைத்த கையோடு ஒரு விளக்கத்தையும் கொடுத்துவிடுகிறார்.

அடுத்ததாகச் செய்தியில் வரும் அலகுகளைக் கவனியுங்கள். தொழில்நுட்பச் செய்திகளைப் பற்றிய வீண் சண்டைகளில் பாதி அலகுக் குழப்பத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் அனுபவம். "ஒரு டெராபைட் என்று சொல்லி விற்கிறார்கள், கணினியில் போட்டால் 931 ஜிபிதான் காட்டுகிறது, மீதியை யார் தின்றார்கள்?" என்ற கேலி எல்லோரும் கேட்டதுதான். ஒருவரும் எதையும் தின்னவில்லை. தயாரிப்பாளர் ஒரு டெராபைட்டை ஒரு லட்சம் கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்று கொள்கிறது. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். 931 சொச்சம் வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே 1998-இல் 1024 கணக்குக்கென ஜிபிபைட் போன்ற தனிப் பெயர்கள் உருவாக்கப்பட்டன. அவை பேச்சுவழக்கில் ஊன்றாமல் போனது வருத்தத்துக்குரியது. இதுபோலவே, 100 மெகாபிட் இணைப்பில் கோப்பு வினாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது, ஏனெனில் ஒரு பைட்டுக்கு எட்டு பிட். சில்லுச் செய்திகளில் வரும் "3 நானோமீட்டர்" என்பதும் இன்று அந்தத் தயாரிப்புத் தலைமுறைக்கான பெயரே. சில்லின் குறிப்பிட்ட எந்தப் பகுதியின் அளவையும் அந்த எண் குறிப்பதில்லை.

தலைப்பு கேள்விக்குறியோடு முடிந்தால் அதற்கு "இல்லை" என்று விடை சொல்லிப் பாருங்கள் என்பது இதழாளர் இயன் பெட்டரிட்ஜ் 2009-இல் எழுதிய கருத்தினால் பரவிய விதி. நான் அதை விதியாகக் கொள்வதில்லை. நின்று படிப்பதற்கான நினைவூட்டலாகக் கொள்கிறேன். அதைவிடப் பயனுள்ள பழக்கம், பெரிய சாதனை அறிவிக்கப்படும்போது போட்டியாளர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பது. 2019 அக்டோபரில், 53 க்யூபிட்டுகள் (குவாண்டம் கணினியின் பிட்டுகள்) கொண்ட தன் சிக்கமோர் குவாண்டம் சில்லு 200 வினாடியில் முடித்த கணக்கை மிகச் சிறந்த மீக்கணினி செய்ய 10,000 ஆண்டுகள் ஆகும் என்று கூகுள் நேச்சர் இதழில் வெளியிட்டது. அதே மாதத்தில் ஐபிஎம், தக்க முறையில் செய்தால் இரண்டரை நாளே போதும் என்று மறுத்தது. இதற்கிடையில் "இனி எல்லாக் கடவுச்சொல்லும் காற்றில் போயிற்று" என்று கேலி செய்தவர்கள், செய்யப்பட்ட கணக்கு எது என்பதைப் பார்க்கவே இல்லை. அது வாய்ப்பியல் முறையில் அமைத்த குவாண்டம் சுற்றுகளின் விடைகளைத் திரட்டும் சோதனை. மறைகுறியாக்கத்தை உடைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி நகைச்சுவைக்கு வருவோம். ஒரு கணினி நகைச்சுவை புரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். அதைக் கணக்கைப் போலப் பிரித்து எழுதுங்கள். "நிரலாளர்கள் ஹாலோவீனையும் கிறிஸ்துமஸையும் ஏன் குழப்பிக்கொள்கிறார்கள்? ஆக்ட் 31-உம் டெக் 25-உம் ஒன்றுதானே!" என்பது மிகப் பழைய கேலி. ஹாலோவீன் அக்டோபர் 31. கிறிஸ்துமஸ் டிசம்பர் 25. ஆங்கிலத்தில் அக்டோபருக்கு எழுதும் அதே மூன்றெழுத்துச் சுருக்கம் எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறைக்கும், டிசம்பருக்கு எழுதும் சுருக்கம் பத்தை அடிமானமாகக் கொண்ட எண்முறைக்கும் பொருந்தும். எட்டின் அடிமானத்தில் 31 என்பது மூன்று எட்டும் ஓர் ஒன்றும். 24-உம் 1-உம் சேர்ந்தால் 25. இப்படி ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவருக்கு அடிமானம் என்ற கருத்து பிறகு மறப்பதே இல்லை.

சில நகைச்சுவைகள் வரலாறு என்ற வேடத்தில் வரும். அவற்றை இன்னும் கவனமாகப் பிரிக்க வேண்டும். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே எனப்படும் மின்விசை ஒன்றில் சிக்கியிருந்த விட்டில் பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள்; அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மென்பொருள் பிழையை ஆங்கிலத்தில் "பக்" (பூச்சி) என்று அழைக்கும் வழக்கமே அன்றுதான் பிறந்தது என்று பலர் சொல்வார்கள். அது சரியன்று. தாமஸ் எடிசன் 1878-இலேயே தன் கடிதத்தில் கருவிக் கோளாறுகளை அந்தச் சொல்லால் குறித்திருக்கிறார். பூச்சிக்கு அருகே "உண்மையான பூச்சி கிடைத்த முதல் நிகழ்வு" என்று எழுதிவைத்தவர்கள், சொல் முன்பே வழக்கில் இருந்ததனால்தான் அப்படி விளையாட்டாக எழுத முடிந்தது.

ஏப்ரல் 1 அன்று வரும் அறிவிப்புகளுக்குத் தனிக் கவனம் தேவை, இரண்டு பக்கமும் ஏமாற வாய்ப்புண்டு. 2004 ஏப்ரல் 1 அன்று ஒரு ஜிகாபைட் இடத்தோடு ஜிமெயில் அறிவிக்கப்பட்டபோது பலர் அதை விளையாட்டு என்று தள்ளிவிட்டார்கள். அது மெய்யாக இருந்தது. 1990 ஏப்ரல் 1 அன்று இணைய நெறிமுறைகளுக்கான அதிகாரபூர்வ ஆவண வரிசையில், புறாக்களின் வழியாகத் தரவுப் பொதிகளை அனுப்பும் முறை 1149 என்ற எண்ணோடு வெளியானது, அது விளையாட்டு. ஆனால் 2001-இல் நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் குழுவினர் அதை உண்மையிலேயே செய்து பார்த்தார்கள். ஒன்பது பொதிகளை அனுப்பினார்கள். நான்கிற்கு மட்டுமே விடை வந்தது. மிக வேகமாக வந்த விடைக்கு ஏறத்தாழ 53 நிமிடமும், மிக மெதுவாக வந்ததற்கு ஒரு மணி 46 நிமிடமும் ஆயின. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனெனில் பொதியைச் சுமப்பது செம்புக் கம்பியா, ஒளியிழையா, புறாவா என்பதைப் பற்றி இணைய நெறிமுறைக்குக் கவலையில்லை என்ற அதன் அடிப்படை வடிவமைப்பை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை. 1998-இல் காபி இயந்திரத்துக்காக எழுதப்பட்ட இன்னொரு விளையாட்டு ஆவணத்தில் "நான் ஒரு தேநீர்க் குடுவை" என்ற பொருள் தரும் 418 என்ற பிழை எண் இருந்தது. நிரலாளர்கள் அதைப் பரவலாகப் பயன்படுத்திவிட்டதால், 2022-இல் வந்த முறையான தரநிலை அந்த எண்ணை வேறெதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்தது.

நீங்களே தமிழில் ஒன்றைச் சொல்ல விரும்பினால், ஆங்கிலச் சிலேடையைப் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள்; அது வழியிலேயே செத்துவிடும். தமிழுக்குள்ளேயே வேண்டிய அளவுக்குச் சரக்கு இருக்கிறது. மென்பொருள் பிழைக்குத் தமிழ்க் கணிமைக்காரர்கள் "வழு" என்ற இலக்கணச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இலக்கணத்தில் வழு உண்டு. தவறே ஆனாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும் வழுவமைதியும் உண்டு. ஒரு நிறுவனம் தன் மென்பொருளின் கோளாற்றை வசதி என்று கூறி நிற்கும்போது, "இது வழு அன்று, வழுவமைதி" என்று சொல்லிப் பாருங்கள். இன்னொன்று: "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. ஒருங்குறியில் (யூனிகோடு) கணினிக்கு ஐந்து, ஏனெனில் இகரக் கொக்கியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பும் நிரலை எழுதச் சொன்னால், புள்ளி தன் ழகரத்தை விட்டு முன்னால் போய் அந்தரத்தில் நிற்கும். தமிழ்த் தரவைக் கையாளும் நிரலாளருக்கு இதில் சிரிப்பும் இருக்கிறது, பாடமும் இருக்கிறது.

யாரைக் கேலி செய்கிறோம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நாற்காலிக்கும் விசைப்பலகைக்கும் இடையில்தான் கோளாறு என்று பயனரை மட்டம் தட்டும் பழைய நகைச்சுவையை விட்டுவிடுங்கள். ஒரு முறை அப்படிச் சிரிக்கப்பட்டவர், அடுத்த முறை சந்தேகமான இணைப்பு வந்தால் யாரிடமும் கேட்க மாட்டார். தானே அழுத்திவிட்டுப் பணத்தை இழப்பார். பத்துப் பேர் ஒரே பொத்தானைத் தவறாக அழுத்துகிறார்கள் என்றால் கேலிக்கு உரியது அந்தப் பொத்தானை அங்கே வைத்த முடிவுதான். "கணினி வேகமாக வேண்டுமா, சிஸ்டம்32 கோப்புறையை அழித்துவிடுங்கள்" என்பது போன்றவற்றை விளையாட்டுக்கும் எழுதாதீர்கள். அந்தக் கோப்புறை இல்லாமல் விண்டோஸ் எழாது, அதைத் தெரியாத ஒருவர் நம்பிச் செய்துவிடுவார். சொன்னது தவறென்று பிறகு தெரிந்தால், நீக்கிவிட்டு நழுவாமல், அதே இடத்தில் முதல் வரியாகத் திருத்தத்தை எழுதுங்கள்.

இந்த முறையைப் பழகிப் பார்க்க ஏற்ற செய்தி ஒன்று முன்னாலேயே காத்திருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் கணினிகளில் 214,74,83,647 என்ற எல்லை, உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19 அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 வினாடியில் நிரம்பும். அடுத்த வினாடியில் அவை 1901-க்குத் தாவும். அதைப் பற்றிய அச்சுறுத்தும் தலைப்புகளும், "2000-இல் ஒன்றும் ஆகவில்லையே" என்ற கேலிகளும் அந்த ஆண்டு நெருங்க நெருங்கப் பெருகும். ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த பழைய நிரல்கள் 2000 பிறந்ததும் குழம்பும் என்ற அச்சம் அப்போது இருந்தது. 2000-இல் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போனதற்கு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏராளமான நிரலாளர்கள் பழைய நிரல்களை வரி வரியாகத் திருத்தியதும் முக்கியக் காரணம். ஆகவே 2038 பற்றிய செய்தி கண்ணில் பட்டால், அது எந்தக் கருவியைப் பற்றியது, அதன் நேரக் கணக்கு 64 பிட்டுக்கு மாறிவிட்டதா, அதற்கு அப்டேட் அனுப்ப இன்னும் யாராவது இருக்கிறார்களா என்ற மூன்றையும் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள்.