தெர்மோஸ்டாட் பொய் சொன்ன இரவுகள்

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு ஹாலில், வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 21 டிகிரியில் வைத்திருந்தோம். ஜனவரியில் சில இரவுகளில் அது 18 என்று காட்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நிற்காமல் ஓடும். அம்மாவோ புழுக்கம் தாங்காமல் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். மேசை மேல் வைத்த சாதாரண வெப்பமானி 24 காட்டியது.

முதலில் பேட்டரி இரண்டையும் மாற்றினேன். உள்ளே இருந்த தூசியைத் தட்டினேன். பலனில்லை. புதிதாக வாங்கிவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன்.

அம்மாதான் கவனித்தார்: "காத்து பலமா அடிக்கிற ராத்திரியிலதான் இப்படி ஆகுது, பாத்தியா?"

அந்த ஒரு வார்த்தை போதும். ஃபர்னஸ் சுவிட்சை அணைத்து, தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றினேன். ஒயர் வரும் இடத்தில் கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கையை வைத்தால் ஜில்லென்று காற்று. கூரைக்கடியில் உள்ள குளிர்காற்று சுவரின் உள்வெற்றிடம் வழியாக இறங்கி, நேராக சென்சார் மேல் வீசியிருக்கிறது. பாவம், அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குளிர்தான்!

களிமண் போல மிருதுவான, காயாத அடைப்புப் பசையை ஒயரைச் சுற்றி அழுத்தி அடைத்தேன். பத்து நிமிட வேலை. மறுநாள் இரண்டு அளவுகளுக்கும் அரை டிகிரிதான் வித்தியாசம்.

எங்களுடையது 24 வோல்ட் ஒயர். சுவரடியில் பொருத்தும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டர் வைத்த வீடுகளில் தெர்மோஸ்டாட்டுக்கே 240 வோல்ட் வரலாம். பிரேக்கரை அணைக்காமல் மூடியைத் தொடவே தொடாதீர்கள்.