பாட்டுக்கு எசப்பாட்டு: பதின்பருவப் பிள்ளைகளோடு உறவுகளைப் பற்றிப் பேச ஒரு வழி

மதுரைப் பக்கம் ஒரு நூலகத்தில், சனிக்கிழமை மாலைகளில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். காதல், பிரிவு, சந்தேகம் என்று நேரடியாகக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். சினிமாப் பாட்டைப் போட்டால் பேசுவார்கள். இரண்டு முறை சரியாக வராமல், மூன்றாவது முறை கைகூடிய வழி இது. ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

வேண்டியவை: சின்ன ஸ்பீக்கர், பாட்டு வரிகளை அச்சடித்த தாள்கள், நீலப் பேனா, சிவப்புப் பேனா. புரொஜெக்டர் வேண்டவே வேண்டாம். திரையில் நாயகன் முகம் வந்ததும் விசில் பறக்கும், வரிகள் காதில் விழாது. பாட்டை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். நடுவில் விளம்பரம் புகுந்தால் கூடி வந்த கவனம் கலைந்துவிடும்.

படி 1: பாட்டை அவர்களே சொல்லட்டும்

தாள் அச்சடிக்கும் முன்பே கேட்டு வையுங்கள். இரண்டு பாட்டு போதும். ஒன்று, பெண்ணின் பின்னால் சுற்றும் பாட்டு. இன்னொன்று, காதல் தோல்வியில் அவளைத் திட்டும் 'சூப்' பாட்டு. பழைய பாட்டாக நீங்களே கொண்டுபோனால் பாடம் நடத்துகிறீர்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

படி 2: முழுசாகக் கேளுங்கள்

கூடவே பாடட்டும், மேசையில் தாளம் தட்டட்டும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

படி 3: மெட்டை எடுத்துவிட்டு வாசியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் முறை, பாட்டு முடிந்த கையோடு "இது சரியா, தப்பா?" என்று கேட்டேன். "வெறும் பாட்டுதானே அக்கா" என்றான் ஒரு பையன். அதோடு பேச்சு முடிந்தது. அவனுக்குப் பிடித்த பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவன் அதற்கு வக்கீலாகத்தான் நிற்பான்.

இப்போது கேள்வியே கேட்பதில்லை. தாளைக் கொடுத்து, ராகம் போடாமல் சாதாரணப் பேச்சாக வாசிக்கச் சொல்கிறேன். அப்புறம், தெரியாத எண்ணிலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி போல அதே வரிகளை இன்னொருவர் வாசிக்க வேண்டும். மெட்டு இருக்கும்வரை கொஞ்சலாகக் கேட்ட வரி, அது போனதும் மிரட்டலாகக் கேட்கும்.

அடுத்து, அவன் பேசும் வரிகளுக்கு நீலக்கோடு, அவள் பேசும் வரிகளுக்குச் சிவப்புக்கோடு. மூன்றாவது முறை இதைச் செய்தபோது பல தாள்களில் சிவப்பே இல்லை. அதே பையன்தான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவ ஒண்ணுமே சொல்லலையே அக்கா" என்றான். நான் எதுவும் சேர்க்கவில்லை. அடுத்த அரைமணி நேரம் அவர்களே பேசினார்கள்.

சட்டத்தை இதற்கு முன்னால் எடுக்காதீர்கள், பயந்து வாயை மூடிவிடுவார்கள். பேசி முடித்தபின் சொல்லுங்கள்: ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயல்வது குற்றம். 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த இது, 2024 ஜூலையிலிருந்து அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு.

படி 4: எசப்பாட்டு

வயலிலும் களத்திலும் ஒருவர் பாட, இன்னொருவர் பதில் பாடுவது நம் ஊர் வழக்கம். சினிமாப் பாட்டில் விட்டுப்போன அந்தப் பதிலைப் பிள்ளைகள் எழுத வேண்டும். முதலில் மெட்டைத் 'தன்னானே' போட்டுக் கை தட்டிப் பாடுங்கள், அப்புறம் சொல் நிரப்புங்கள். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள். அவள் மறுத்தே ஆகவேண்டும் என்றும் சொல்லாதீர்கள். "யோசிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் தெருமுனையில நிக்காதே" என்று ஒரு குழு எழுதியது. சம்மதத்தைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த பேச்சை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

தோல்விப் பாட்டுக்கு எசப்பாட்டைத் தோழன் பாடட்டும். அழுகிற நண்பனிடம் என்ன சொல்வாய், அவளைத் திட்டாமல்? பையன்கள் அதிக நேரம் எடுப்பது இங்கேதான். அவசரப்படுத்தாதீர்கள். 'வேண்டாம்' என்ற சொல்லைத் தாங்குவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பிற்சேர்க்கை 1: கலந்து உட்கார்ந்தால் பெண்பிள்ளைகள் பேசுவதில்லை என்று ஓர் ஆசிரியை பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். உண்மைதான். இப்போது எழுதும்போது மட்டும் தனித்தனிக் குழு. பிறகு தாள்களைப் பெயரில்லாமல் மாற்றிக்கொள்கிறோம். பெண்கள் எழுதியதைப் பையன்கள் பாடுகிறார்கள்.

பிற்சேர்க்கை 2: "ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிட்டால்?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். பிள்ளையைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப்போய், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அடுத்து யாரிடம் பேசப் போகிறீர்கள் என்பதை அந்தப் பிள்ளையிடமே சொல்லுங்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. நான் அதைப் பாட்டுத் தாளின் அடியிலேயே அச்சடித்து விடுகிறேன். தாளை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் அல்லவா.