வன்னியில் முதல் பொதுவேலை: தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்முறை

எங்கள் முதல் முயற்சி எப்படிப் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கார்த்திகை மாதம் கிளிநொச்சியில் உள்வீதி ஒன்றின் இரு கரையிலும் 60 மரக்கன்று நட்டோம். பதாகை இருந்தது, ஒரே நிறத்தில் ரீசேட் இருந்தது, யாரோ ஒரு ட்ரோன்கூடக் கொண்டுவந்திருந்தார். சித்திரையில் போய் எண்ணினால் 7. பாதியைக் கட்டாக்காலி மாடும் ஆடும் தின்றுவிட்டன. வெயிலில் கருகியது கொஞ்சம். ஒரு கரையில் நின்றதை வீதி அகலிக்க வந்த இயந்திரம் வழித்துக்கொண்டு போனது. அதை ஓட்டினவரோடு சண்டை பிடிக்க எங்களுக்கு வாயில்லை. அந்த நிலம் யாருடையது என்று நாங்கள் ஒருவரையும் கேட்டிருக்கவில்லையே.

இரண்டாம் முறை நட்டது 12 கன்று மட்டும், ஒரு பஸ் தரிப்பிடத்தின் பின்னால். அந்த அனுபவத்தை வைத்துத்தான் கீழே எழுதுகிறேன். உங்கள் வேலை மரமாக இல்லாமல் வாசிகசாலையாகவோ, வாய்க்கால் துப்புரவாகவோ இருந்தாலும் ஒழுங்கு ஏறக்குறைய இதேதான்.

படி 1: கூட்டம் போடாதீர்கள், நடந்து பாருங்கள்

ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஒரே இடத்தை மூன்று நேரத்தில் போய்ப் பாருங்கள்: பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் காலை 7 மணி, பள்ளிக்கூடம் விடும் பகல் 1.30, வேலையாட்கள் திரும்பும் மாலை. யார் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று எழுதுங்கள். தேத்தண்ணிக் கடை ஐயாவையும் ஓட்டோ அண்ணாமாரையும் கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்து நிற்கும் அம்மாவைக் கட்டாயம் கேளுங்கள். நாங்கள் தரிப்பிடத்துக்கு வாங்கில், அதாவது இருக்கிறதுக்கு ஒரு நீள ஆசனம், போடத்தான் போனோம். "வாங்கில் இருந்தென்ன தம்பி, கொதிக்கிற வெயிலிலே ஆர் அதிலே இருக்கிறது?" என்று ஒரு அம்மா கேட்டதோடு திட்டம் மாறியது.

பிறகு ஒரே ஒரு விடயத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள். ஜீ.எஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். மூச்சு வாங்கினால் திட்டம் பெரிது.

படி 2: நிலம் யாருடையது?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள்.

வீதி எல்லாம் ஒரே கந்தோருக்குச் சொந்தமில்லை. ஏ9 போன்ற ஏ தர, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சீ, டீ தரம் என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள்ளூர் ஒழுங்கைகள் பிரதேச சபையின் பொறுப்பு. வீதியின் ஓரமும் வீதியோடு சேர்த்தி என்பதை மறக்க வேண்டாம். குளக்கட்டில் வேலை என்றால், சின்னக் குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. இரணைமடு போன்ற பெரிய குளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் போக வேண்டும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் என்றால் புகையிரதத் திணைக்களம்.

கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானது. ஆனால் நகரத்தின் உள்ளூராட்சியைப் பார்ப்பது கரைச்சி பிரதேச சபை. முல்லைத்தீவு நகரத்துக்குக் கரைதுறைப்பற்று பிரதேச சபை. வவுனியா வேறு கதை. நகரசபையாக இருந்து மாநகரசபை ஆகிவிட்டது. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு என்பதும் புதிதாக வருபவர்களைக் குழப்பும். சபை நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது. செயலகம், நாங்கள் டீ.எஸ் ஒவ்வீஸ் என்கிறோமே, அது அரசாங்க நிர்வாகம், ஜீ.எஸ் அதன் கீழ் வருகிறார். முதலில் ஜீ.எஸ்ஸிடம் போங்கள், அவர் வழி சொல்லுவார்.

ஒரு கந்தோர் அடுத்த கந்தோரைக் கை காட்டிக்கொண்டே இருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருப்பார். "இந்த வீதி யாருடைய பொறுப்பில் உள்ளது, அகலிக்கும் திட்டம் உண்டா?" என்று தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் சொல்ல வேண்டும். இதைச் சண்டைக்குப் போகிறவர்களின் ஆயுதம் என்று சிலர் நினைக்கிறார்கள். நாங்கள் அதை ஒரு விசாரிப்பாகத்தான் பயன்படுத்தினோம். பதில் வந்ததும் அந்த அலுவலருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்தும் பாருங்கள். கம்பிக்குக் கீழே வளரும் மரத்தின் தலையை ஒருநாள் வெட்டத்தான் வருவார்கள்.

படி 3: புதுச் சங்கம் வேண்டாம்

இளம் ஆட்களுக்கு முதல் வரும் ஆசை ஒரு பெயரும் லோகோவும். விடுங்கள். ஊரில் ஏற்கனவே கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம் எல்லாம் இருக்கின்றன. பதிவும் வங்கிக் கணக்கும் அவர்களிடம் உண்டு. அவர்களில் ஒன்றின் வேலையாக இதைச் செய்யுங்கள். எந்தச் சங்கம் என்று கேட்டால் என் கை மாதர் சங்கத்தைத்தான் காட்டும். போருக்குப் பிறகு பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் நிறைய. வருவேன் என்று சொன்னால் வருகிறவர்கள் அவர்கள்தான்.

காலபோக (மாரிகால நெற்செய்கை) விதைப்பிலும் அறுவடையிலும் கூட்டம் வைத்தால் வெறும் கதிரைகளோடு கதைக்க வேண்டியதுதான்.

படி 4: கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். எங்களுடையது இப்படி இருந்தது:

"தவிசாளர் அவர்களுக்கு. மேற்படி வீதியிலுள்ள பஸ் தரிப்பிடத்தில் மாணவர்கள் பகல் வெயிலில் நிற்கின்றனர். தரிப்பிடத்தின் பின்புறம் 12 நிழல்மரக் கன்றுகளை எமது சங்கம் தன் செலவில் நட்டு, 2 வருடம் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும். தங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து, நடக்கூடிய இடத்தை அடையாளமிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கைவரைபடம் இணைக்கப்பட்டுள்ளது."

காசு கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டது ஒருவரின் அரை மணி நேரம். அதனால்தான் கிடைத்தது. இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் திகதியோடு முத்திரை குத்தி வாங்கி பைலில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து "கடிதம் வரவில்லையே" என்றால் அது கதைக்கும்.

படி 5: காசு

முதல் வேலைக்குக் காசைவிடப் பொருள் நல்லது. ஒருவர் கதியால் (வேலிக்கு ஊன்றும் தடி) தரட்டும், இன்னொருவர் பனைமட்டை, இன்னொருவர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் மாட்டெரு. வெளிநாட்டிலிருக்கும் உறவுகளிடம் கேட்பதானால் "உதவுங்கோ" என்று பொதுவாகக் கேட்காமல், "12 மண்பானை வேணும், இதுதான் விலை" என்று கேளுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்காமலே அனுப்பிவிடுங்கள். கணக்கை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுங்கள். அரசியல்வாதியின் படம் போட்ட பதாகையோடு காசு வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். நான் வாங்க மாட்டேன். அடுத்த தேர்தலில் மரத்துக்கும் கட்சி வந்துவிடும்.

படி 6: வேலை நாள்

ஐப்பசி, கார்த்திகை மழையோடு நடுங்கள். வேம்பு, புங்கை நல்லவை. மருதுக்கு வாய்க்கால் ஈரம் வேண்டும். தேக்கு வேண்டாம், அது கோடையில் இலை கொட்டிவிடும், நமக்கு நிழல் தேவையே அப்போதுதான். குழி 2 அடி அகலம், 2 அடி ஆழம். மேல்மண்ணைத் தனியே வைத்து மாட்டெருவோடு கலந்து திரும்பப் போடுங்கள். அன்றைக்கே, கன்றைச் சுற்றி நாலு கதியால் ஊன்றிப் பனைமட்டை கட்டிக் கூடு போட்டுவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் ஆட்டுக்கு விருந்து.

நம் மண்ணுக்கென்று ஒரு எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று ஜீ.எஸ்ஸிடம் உறுதிப்படுத்தாத இடத்தில் அலவாங்கு போடவே கூடாது. தோண்டும்போது ஏதாவது சந்தேகமான இரும்பு தட்டுப்பட்டால் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். வந்த வழியாலேயே எல்லோரையும் விலக்கிவிட்டு 119க்கு அழையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மண்வெட்டி கொடுக்காமல் தண்ணீர் வாளி கொடுங்கள். அம்புலன்ஸ் இலக்கம் 1990 எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

படி 7: தையிலிருந்து புரட்டாசி வரை

மழை விட்ட பிறகு வட்ஸ்அப் குழு அமைதியாகிவிடும். அந்த எட்டு ஒன்பது மாதத்துக்கான ஆளை நடுவதற்கு முன்பே பிடித்திருக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு கன்றையும் பக்கத்து வீடு அல்லது கடை ஒன்றின் பொறுப்பில் விட்டோம். பொதுவாக "இளைஞர்கள் பார்ப்பார்கள்" என்று விட்ட கன்றுக்குத் தண்ணீர் கிடைக்காது, எனக்குத் தெரியும், நானும் அந்த இளைஞர்களில் ஒருவன்.

தண்ணீர் மிச்சம் பிடிக்க, பூச்சில்லாத சுட்ட மண்பானையைக் கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கழுத்து வரை புதையுங்கள். நிரப்பிவிட்டால் மெதுவாகக் கசிந்து வேரடிக்குப் போகும். தினமும் வாளியோடு ஓட வேண்டியதில்லை. பானையின் வாயைக் கட்டாயம் மூடுங்கள். திறந்து விட்டால் நுளம்பு முட்டையிட்டு, டெங்கு பார்க்க வரும் பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) உங்களைத்தான் தேடுவார். கன்றின் அடியில் வைக்கோல் பரப்பிவிடுங்கள். சோளகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் மண் காய்கிற வேகம் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். அப்போது பானையை அடிக்கடி நிரப்ப வேண்டும், சாய்ந்த கூட்டை நிமிர்த்திக் கட்ட வேண்டும்.

மாதம் ஒருமுறை அதே பழைய கொப்பியோடு போய் எண்ணி எழுதுங்கள். எங்கள் 12இல் இப்போது 9 நிற்கிறது. செத்த மூன்றில் இரண்டு என் வீட்டுப் பொறுப்பில் இருந்தவை. அந்த வாங்கில் அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறா. வருகிற ஐப்பசிக்கு இரண்டு வேப்பங்கன்று பையில் போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை பொறுப்பு அவவுடையது.